வாசிக்கத் தொடங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்காரும் முன்

4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் உதவிக்குச் சேர்ந்திருக்கலாம், வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கலாம், அல்லது சொந்தப் பிள்ளைக்கே சொல்லித்தரலாம். எழுத்து அட்டை, கதைப் புத்தகம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும் என்று சொல்லித்தான் எல்லாரையும் அனுப்புகிறார்கள். ஒரு குழந்தை தகாத சொல்லை உரக்கப் படித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தவறாக வாசித்து எல்லாரும் சிரிக்கும் அந்த இடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான தகவல். எந்தக் குறி புரியவில்லை, எந்த ஒலி பிடிபடவில்லை என்பதை அந்தத் தவறே காட்டிவிடும். நாமோ சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மறக்காமல் எழுதி வைத்தால் நாளைய பாடம் தயார்.

1. முதல் நாளுக்கு முன் தயாராக வேண்டிய தாள்கள்

பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் சொந்த ஆவணங்களைக் கவனியுங்கள். குழந்தைகளோடு பழகுகிறவர்களிடம் பின்னணிச் சரிபார்ப்புச் சான்று கேட்கும் இடங்கள் உண்டு. அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். வகுப்பு தொடங்கும் தேதியை ஒப்புக்கொள்ளும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அடையாள அட்டை நகல் இரண்டு எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கத் தாள். பெற்றோரே நிரப்பித் தரட்டும். அதில் கேட்க வேண்டியவை: வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, வீட்டில் பேசும் மொழிகள், எந்தக் கையால் எழுதுகிறது, கண், காது பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது, ஒவ்வாமை ஏதும் உண்டா, யார் வந்து அழைத்துப் போவார்கள், படமோ குரல்பதிவோ எடுக்கச் சம்மதமா. வீட்டு மொழியைக் கேட்காமல் விட்டால் பின்னால் திண்டாடுவீர்கள். குதிரைப் படத்தின் கீழே உள்ள சொல்லைக் காட்டினால், ‘ஹார்ஸ்’ என்று தயங்காமல் வாசிக்கிற குழந்தையைக் கண்டு குழம்பத் தேவையில்லை. எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தை வீட்டு மொழியில் சொல்கிறது, அவ்வளவுதான்.

கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். பாதி வரியில் ‘வருது டீச்சர்’ என்று எழுந்து நிற்கும்போது விதிமுறையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மூடிய அறையில் குழந்தையோடு தனியாக உட்காராதீர்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு நாளும் தேதி, வாசித்த வரி, குழந்தை சொன்னது, இந்த மூன்றும் போதும். ‘நன்றாகப் படித்தான்’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. ‘பொம்மை என்பதை பெரம்மை என்றான்’ என்று எழுதுங்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

பளபளக்கும் அகரவரிசைப் படத்தாளை வாங்கும் முன், அதைக் குழந்தையிடம் காட்டிப் படங்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பழைய படத்தாள்களில் உ-வுக்கு உரல் இருக்கும். உரலைப் பார்த்திராத குழந்தை ‘உ… பானை’ என்று சொல்லும். ஓடத்தைப் பார்த்து ‘ஓ… படகு’ என்று சொல்லும். ஒரு குழந்தை இப்படி மாதக்கணக்கில் ஒப்பித்துவிட்டால், உ-வின் ஒலிக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும். குழந்தை தானாகச் சொல்லும் பெயரின் முதல் எழுத்தும் தாளில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கும் படங்களே உதவும். அப்படி ஒரு தாளை நீங்களே பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் வரைந்துவிடலாம்.

காசு போட வேண்டியது கதைப் புத்தகங்களுக்கு. பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, சொற்களுக்கிடையே நல்ல இடைவெளி. நூலகத்தில் கிடைத்தால் அந்தச் செலவும் இல்லை. வீட்டுப் பரணில் இருக்கும் பழைய புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை வேறு வடிவில் இருக்கும். பழகிய வாசகருக்கு அது அழகாகத் தெரியலாம். இப்போதுதான் ‘யானை’ வாசிக்கப் பழகிய குழந்தை அந்தப் பக்கத்தைப் பார்த்து, ‘இது தமிழ் இல்ல’ என்று தீர்மானமாகச் சொல்லிவிடும்.

3. எவ்வளவு நேரம்

4, 5 வயதுக்கு ஒரு அமர்வு 10 நிமிடம். 6, 7 வயதுக்கு 15 முதல் 20. தினமும் பத்து நிமிடம் வைப்பது, வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட எவ்வளவோ மேல். தூக்கம் வரும் வேளையையும் பசி வேளையையும் தவிர்த்துவிடுங்கள். குழந்தை நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கி மேசைக்கு அடியில் போய்விட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்று கொள்ளுங்கள். இழுத்து உட்காரவைத்துப் படித்த வரி எதுவும் மறுநாள் நிற்பதில்லை.

4. எந்த எழுத்தில் தொடங்குவது

மொத்தம் 247 எழுத்துகள்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று நின்றால் குழந்தை அதற்குள் சலித்துப்போகும். அவற்றில் ஙு, ஙெ போன்றவை வரும் சொல் ஒன்றையும் அது வாசிக்கப் போவதில்லை.

ப, ட, ம, ர, க, ல என்ற ஆறையும் ம், ல் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மரம், பல், கல், கடல், பகல், பல, மடல் என்று உடனே சொற்கள் வந்துவிடும். முதல் வாரங்களிலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்த குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அந்த மகிழ்ச்சிதான் அடுத்த எழுத்துகளுக்கு அதை இழுத்துக்கொண்டு போகிறது. உயிர்மெய் முழுவதும் பிடிபட ஓராண்டாவது ஆகும். பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதத்தில் ‘இன்னும் படிக்கலையே’ என்று வருவார்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. ‘ப… ட… ம்’ என்று எழுத்து எழுத்தாகச் சொல்லவைத்தால் குழந்தை சேர்த்துச் சொல்வது பெரும்பாலும் ‘பட்டம்!’ தனியாகச் சொல்லும்போது ட-வை வல்லோசையாகச் சொல்கிறோம். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும்போதோ அது மென்மையாக ஒலிக்கிறது. எடு என்பது எட்டு ஆவதும், பாடு என்பது பாட்டு ஆவதும் இதனால்தான். குழந்தை சரியாகத்தான் கூட்டியது, நாம் கொடுத்த ஒலிதான் வேறு. ஆகவே எழுத்துகளைத் துண்டு துண்டாகச் சொல்லாமல், விரலை எழுத்துகளின் கீழே மெல்ல நகர்த்தியபடி ஒலியை விடாமல் நீட்டிச் சொல்லிக் காட்டுங்கள்: பஅஅடஅஅம். படம், பட்டம் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் உள்ள ட்-ஐக் கண்டுபிடிக்கச் சொன்னால் விளையாட்டாகவே புரிந்துகொள்ளும்.

5. சிரிப்பு வெடிக்கும் இடங்கள்

இவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் நீங்கள் தடுமாற மாட்டீர்கள். இவை எல்லா வகுப்பிலும் வரும்.

உகர வரிசை. கு, ஙு, சு என்று போவதுதான் முறை. ஙு எங்கேயும் வருவதில்லையே என்று அதை விட்டுவிட்டுப் பலகையில் கு, சு என்று அடுத்தடுத்து எழுதினால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இரண்டையும் சேர்த்து வாசிக்கும். அதன்பிறகு அந்த வகுப்பு உங்கள் கையில் இல்லை. அன்று மிச்ச எழுத்து எதையும் நடத்த முடியாது. தவிர்க்க எளிய வழி, வரிசையை மாற்றுவது. மு, டு, து, பு என்று தொடங்கி, கு-வை ஒரு நாளும் சு-வை இன்னொரு நாளும் வையுங்கள். உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் எப்படியும் சிறு சிறு கூட்டமாகப் பிரித்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

பூ. இதைக் குழந்தை எப்படி வாசித்துவிடும் என்று தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊகாரக் குறி கீழே இறங்குகிறது, ஈகாரச் சுழி மேலே நிற்கிறது. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டால் வகுப்பே உருளும். ‘பூ அழகாக மலர்ந்தது’ என்ற வரியை முதல் பாடமாக வைக்காதீர்கள். மூ, மீ இரண்டையும் முதலில் பழக்குங்கள். மூக்கு, மீன் என்று சொற்களும் எளிது, தவறினாலும் ஆபத்து இல்லை. அந்த வேறுபாடு கண்ணில் பதிந்த பிறகு பூ-வுக்கு வாருங்கள்.

பொம்மை. ‘பெரம்மை’ என்று வாசிப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது. குழந்தைக்கு அந்தத் துணைக்கால் ர-வாகத் தெரிகிறது. கால் என்பதையே ‘கரல்’ என்று வாசிக்கும் குழந்தைகள் உண்டு. ர-வின் அடியில் சாய்ந்த கோடு ஒன்று இருக்கிறது, துணைக்காலுக்கு அது இல்லை. இரண்டையும் பெரிதாக எழுதி அந்தக் கோட்டை மட்டும் சிவப்பில் காட்டுங்கள். வௌவாலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பது ள போலவே இருப்பதால் ‘வெளவால்’ என்று அழகாக வாசிப்பார்கள். பெரியவர்களில் பலரும் தட்டச்சில் அப்படித்தான் அடிக்கிறார்கள், குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ல, ள, ழ. ‘யானை வாழை தின்றது’ என்ற வரியை ஒரு குழந்தை ‘யானை வாலை தின்றது’ என்று வாசித்துவிட்டு, நிமிர்ந்து, ‘யாரோட வாலை?’ என்று கேட்டது. நான் மிகவும் விரும்பும் தவறு இது. ஒலியில் சறுக்கினாலும் பொருளைத் தேடியிருக்கிறது பாருங்கள். வாசிப்பு என்பதே அந்தத் தேடல்தான். ‘நல்ல கேள்வி. எழுத்தைத் திரும்பப் பார்த்தால் பதில் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ‘நான் பல்லிக்குப் போறேன்’ என்பதும் கட்டாயம் வரும். இந்த மூன்று ஒலிகளும் சிறு பிள்ளைகளின் நாக்குக்குத் தாமதமாகத்தான் வரும், 6 வயதையொட்டி முன்பல் விழும்போது சகரமும் சீட்டி அடிக்கும். எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டு உச்சரிப்பில் மட்டும் தடுமாறினால் அது வாசிப்புத் தவறு அல்ல. நோட்டில் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

6. உங்கள் முகம்

குழந்தை ஒரு சொல்லை வாசித்ததும் எழுத்தைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறது. நீங்கள் பதறினால் சொல் தடைசெய்யப்பட்டது என்று புரிந்துகொள்ளும், நாளை வேண்டுமென்றே சொல்லும். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தால் தான் கேலிப்பொருள் என்று நினைக்கும், அல்லது இதுவே தன் வேலை என்று தினமும் செய்யும். கூச்சமுள்ள குழந்தையாக இருந்தால் அதோடு வாயைத் திறக்காது. மறுபடி உரக்க வாசிக்கவைக்க மாதங்கள் ஆகும்.

குழந்தை தானே சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். அது சிரிக்காதபோது நீங்கள் சிரிக்காதீர்கள். சிரிப்பு அடங்கியதும் சாதாரணக் குரலில், ‘அந்தச் சுழி மேலே இருக்கா, கீழே இருக்கா?’ என்று குறியை மட்டும் கேளுங்கள். சொல்லைத் திரும்பச் சொல்லிக்காட்ட வேண்டாம். மற்ற பிள்ளைகள் சிரித்தால் அவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு விடை தெரியாது, கவனம் பலகைக்குத் திரும்பிவிடும்.

கைபேசியில் பதிவெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 5 வயதில் ஒரு எழுத்தைத் தவறவிட்டதற்காக 15 வயதில் யாரும் அந்தக் குழந்தையைக் கேலி செய்யக் கூடாது. கற்பிக்கும் தேவைக்காகக் குரலைப் பதிவுசெய்தால், பெற்றோர் சம்மதித்த தாள் இருக்கட்டும், கேட்டுக் குறித்துக்கொண்டதும் அழித்துவிடுங்கள்.

7. வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு முழுக் கதையையும் ‘வாசிக்கும்’ குழந்தையைப் பார்ப்பீர்கள். பெற்றோர் பக்கத்தில் பூரித்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ‘இது மனப்பாடம்’ என்று போட்டு உடைக்காதீர்கள். கதையை நினைவில் வைத்திருப்பதும், வரிக்கு வரி சொல்லத் தெரிவதும் வாசிப்புக்கு முன்னால் வர வேண்டியவையே.

பிறகு தனியாகச் சோதியுங்கள். படத்தைக் கையால் மூடுங்கள். கடைசி வரியை முதலில் கேளுங்கள். வரியின் நடுவில் உள்ள ஒரு சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘ம… ர… ம்’ என்று எழுத்தெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, படத்தை எட்டிப் பார்த்து ‘செடி!’ என்று முடிக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியும், கூட்டத்தான் தெரியவில்லை. மனப்பாடக் குழந்தைக்கு இரண்டும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தாதீர்கள்.

8. பேச்சு வழக்கு குறுக்கே வரும்போது

‘பாட்டி கதை சொன்னாள்’ என்று புத்தகத்தில் இருந்தது. ஒரு குழந்தை, ‘பாட்டி கதை சொன்னாங்க’ என்று வாசித்தது. திரும்பப் பார்க்கச் சொன்னால் முகம் சுருங்கிவிட்டது: ‘பாட்டியை அப்படிச் சொல்லக் கூடாது.’ வீட்டில் சொல்லிக்கொடுத்த மரியாதையை அது புத்தகத்துக்கும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. இதைத் தவறு என்று எழுதாதீர்கள். ‘நீ சொன்னது சரி. புத்தகம் வேற மாதிரி எழுதியிருக்கு. அது என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்ப்போம்’ என்றால் ஏற்றுக்கொள்ளும். இருக்கிறது என்பதை ‘இருக்கு’ என்று வாசிப்பதும் இதே வகைதான். பொருள் புரிந்துவிட்டது, கண் எழுத்தைத் தாண்டி ஓடுகிறது. சொல்லின் கடைசி எழுத்து வரை விரலை நகர்த்தச் சொன்னால் போதும்.

9. ஒரு சொல், ஒரு வீட்டுக் கதை

‘சண்டை’ என்று வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ‘எங்க வீட்டுல நேத்து…’ என்று தொடங்குவார்கள். பெரும்பாலும் அது சாதாரணக் கதை. ‘அப்படியா, இதை அப்புறம் எனக்கு மட்டும் சொல்றியா?’ என்று மற்றவர்கள் காதில் விழாமல் திசைதிருப்புங்கள், சொன்னபடி பிறகு கட்டாயம் கேளுங்கள். கேட்ட குடும்ப விஷயத்தை வெளியே பேசாதீர்கள். ஆனால் குழந்தைக்கு அடியோ பயமோ ஆபத்தோ இருப்பதுபோல் ஒரு சொல் வந்தாலும், துருவித் துருவிக் கேட்காமல், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், குழந்தை சொன்ன அதே சொற்களில் தேதியோடு எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாசிக்கத் தெரிந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசிப்பார்கள்: கழிப்பறைப் பலகை, சுவரொட்டி, உங்கள் கைபேசியில் வந்த செய்தி. வகுப்பில் கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள்.

10. எப்போது வேறொருவரின் உதவி தேவை

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும் வாசிப்பதும் 7 வயது வரை சாதாரணமாகக் காணப்படுவதுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோகிறதா, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லையா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கண், காது பரிசோதனை. பாடத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் சரியாக இருந்து, தினமும் ஒழுங்காகப் பழகியும் பல மாதங்களாக அதே சில எழுத்துகளில் நின்றுகொண்டிருந்தால், அல்லது குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால், பெற்றோரை உட்காரவைத்துப் பேசி, கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் நிபுணரிடம் அனுப்புங்கள். டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) போன்றவற்றுக்கு அறிவுக்குறைவோடு தொடர்பில்லை என்பதை அவர்களுக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். போகும்போது அந்தக் கோடு போட்ட நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். தேதிவாரியாக எந்தச் சொல்லை எப்படி வாசித்தது என்று அதில் இருக்கும். ‘சரியா படிக்க மாட்டேங்கிறான்’ என்று பெற்றோர் சொல்வதைவிட நிபுணருக்கு அதுதான் உதவும்.